மனைவி இல்லையென்றால் கூட்டாளி

செகமெட்சி மொடிரியை விட்டு வந்தது ஒரு சனிக்கிழமை மத்தியானம். கையில் துணிமூட்டை இல்லை, பெட்டி இல்லை. களி கிண்டுகிற மரத்துடுப்பு ஒன்றுதான் இருந்தது. அதில் ஒட்டியிருந்த சோளக்களி இன்னும் காயவில்லை. நேராக என் வீட்டுக்குள் வந்தாள். துடுப்பை மேசைமேல் வைத்துவிட்டு, "ஒனா, உன் பின்னறை சும்மாதானே கிடக்கு?" என்று கேட்டாள்.

"சோளமூட்டை ரெண்டு கிடக்கு. கூட நீயும் கிட," என்றேன்.

என்ன ஏது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அழுதுவிடுவாளோ என்று பயம். அவள் அழவில்லை. டீ போடச் சொன்னாள், சர்க்கரை அள்ளிப் போட்டுக் குடித்தாள், தலைத்துணியை அவிழ்த்து உதறிக் கட்டினாள். அதற்குப் பிறகுதான் சொன்னாள்.

அன்றைக்கு மொடிரியின் அண்ணன் ரன்டாவ் வீட்டில் கல்யாணம். ரன்டாவின் மகளுக்காகப் பையன் வீட்டார் விடியற்காலையிலேயே எட்டு மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். அதுதான் பொகாடி. அது கைமாறினால்தான் எங்கள் ஊரில் பெண் மனைவி, ஆண் மாப்பிள்ளை. ரன்டாவ் ஒவ்வொரு மாட்டின் முதுகிலும் தட்டித் தட்டிப் பார்த்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாராம். செகமெட்சி முந்தின நாளிலிருந்தே அடுப்படியில் நின்றாள். நான்கு பானைக் களி அவள் ஒருத்தியாகக் கிண்டியது. பையன் வீட்டிலிருந்து சால்வை போர்த்திய கல்யாணமான பெண்கள் வரிசையாக வந்து உட்கார்ந்தபோது, அதில் ஒரு அம்மா இவளைப் பார்த்து, "இவங்க யாரு? வந்து எங்ககூட உட்காரலாமே," என்று கூப்பிட்டிருக்கிறாள்.

ரன்டாவ் முந்திக்கொண்டார். "அவளா? அவ களி கிண்ட வந்தவ."

பக்கத்திலேயே மொடிரி நின்றிருந்தான். கையில் இறைச்சித் தட்டு. அவன் நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தான், குனிந்து தட்டைப் பார்த்தான். வாயில் இருந்ததை மென்று விழுங்கினான். அவ்வளவுதான்.

"அவன் விழுங்கினான் பாரு, ஒனா," என்றாள் செகமெட்சி. "பதினேழு வருஷம் ஒரே மடக்குல உள்ள போயிடுச்சு."

பதினேழு வருடம் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். பலாப்யே டவுனிலிருந்து எங்கள் ஊருக்குத் தார்ச்சாலை போட்ட வருடம் அது. மொடிரி மண் சமன் செய்கிற பெரிய இயந்திரம் ஓட்டினான். செகமெட்சி பள்ளிக்கூடத்து வாசலில் மக்வின்யா என்கிற மாவு உருண்டை பொரித்து விற்றாள். ஒரு காலையில் பத்து உருண்டை தின்றுவிட்டு, பதினொன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு போகாமல் நின்றான். அப்படித்தான் ஆரம்பித்தது. அவளுடைய தாய்மாமன் மொட்சுமியிடம் பேச ஆள் அனுப்ப வேண்டியது ரன்டாவின் பொறுப்பு. மொடிரிக்கு அப்பா இல்லை, அண்ணன்தான் எல்லாம். அந்த வருடம் மழை இல்லை, அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார். அடுத்த வருடம் மாடுகளுக்குக் கோமாரி, வண்டியில் ஏற்றக்கூடாதென்று தடை. அதற்கடுத்த வருடம் அவருடைய காருக்கு இன்ஜின் போய்விட்டது. தம்பி பொகாடி கொடுப்பதற்கும் அண்ணன் கார் இன்ஜினுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. இதற்கிடையில் இரண்டு பேரும் வீடு கட்டினார்கள், கிணறு வெட்டினார்கள், பழைய பிக்கப் வண்டி வாங்கினார்கள், மாடு இருபத்திரண்டு ஆனது. பிள்ளை மட்டும் இல்லை. அந்தப் பேச்சை எடுப்பதற்கு இரண்டு பேருமே யாரையும் விட்டதில்லை.

மறுநாள் காலை மொடிரி வந்தான். என் வேலிக்கு வெளியே நின்று தொப்பியைச் சுழற்றிக்கொண்டே இருந்தான்.

"வீட்டுக்கு வா, செகா."

"எந்த வீட்டுக்கு? களி கிண்ட வந்தவ களி முடிஞ்சா கிளம்பிட வேண்டியதுதானே?"

"அண்ணன் ஏதோ வாய் தவறி..."

"அவர் வாய் தவறல. உன் வாய்தான் திறக்கல." அவள் குரலில் கோபமே இல்லை. எனக்கே ஆச்சரியம். "மொடிரி, நான் உன்கூடச் சண்டை போட வரல. போதும், அவ்வளவுதான். நாம சேர்த்ததை ரெண்டாப் பிரிப்போம். நீ நல்லாயிரு, நானும் நல்லாயிருக்கேன்."

மொடிரி தொப்பியை இன்னும் இரண்டு சுற்றுச் சுழற்றினான். பிறகு சொன்னான்: "அண்ணனைக் கேட்டுட்டு வரேன்."

நான் உள்ளே ஓடிப்போய் சால்வை முனையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன். வெளியே வந்து பார்த்தால் செகமெட்சியும் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

பதில் அன்று சாயங்காலமே வந்தது. ரன்டாவே நேரில் வந்து, இரண்டு கம்பளியும் ஒரு பெட்டியும் இறக்கி வைத்தார். "உன் சாமான் இவ்வளவுதான். சரியாயிருக்கான்னு பார்த்துக்கோ," என்றார். பெட்டியில் அவள் துணிகள் இருந்தன. ஒரு பழைய செருப்பும் இருந்தது, அது மொடிரியுடையது.

திங்கட்கிழமை செகமெட்சி ஊர்மன்றத்தில் வழக்குக் கொடுத்தாள். மொட்சுமி மாமாவுக்கு இதில் துளியும் விருப்பமில்லை. நெட்டையான மனுஷன், எதற்கும் முதலில் தலையை இடம்வலமாக ஆட்டுவார்.

"பொகாடியே வரல. நான் எந்த முகத்தோட போய் நிக்கறது? மாடு வாங்காத தாய்மாமனுக்கு மன்றத்துல என்ன மரியாதை?"

"மாமா, நீங்க பேச வேண்டாம். பக்கத்துல உட்காருங்க, போதும். நான் பேசிக்கறேன்."

"நீயா? எல்லாரும் கேலி பண்ணுவாங்க."

"பண்ணட்டும். கேலி பண்றவங்க காது திறந்துதானே இருக்கும்?"

வழக்கு நாள் குளிர்காலத்துக் காலை. மன்றத்தின் நடுவில் நெருப்பு மூட்டியிருந்தார்கள். ஆண்கள் தங்கள் தங்கள் மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பெண்கள் நாங்கள் நீளப் பாவாடையும் சால்வையுமாக ஒரு பக்கம் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். அன்றைக்கு வந்த அளவுக்குப் பெண்களை நான் எந்தக் கூட்டத்திலும் பார்த்ததில்லை. சும்மா வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அல்ல. பாதிப்பேர் செகமெட்சியைப் போலவே, பொகாடி வராமல் பத்து வருடம், பதினைந்து வருடம் ஒருவனோடு குடித்தனம் செய்கிறவர்கள். நானும் அதில் ஒருத்திதான். என் டிரோ வெல்டிங் வேலை செய்கிறவன். எங்களுக்குப் பன்னிரண்டு வருடம்.

எங்கள் கோசி ஓபுசிட்சே, இந்த ஊரின் தலைவர், நாற்பது வயதுகூட ஆகாதவர். முன்பு கால்நடை மருத்துவமனையில் வேலை பார்த்தவர். அதிகம் பேசமாட்டார், எல்லாரும் பேசி முடிக்கும்வரை கன்னத்தில் கை வைத்துக் கேட்பார்.

முதலில் ரன்டாவ் எழுந்தார். அவர் பெயருக்கு அர்த்தம் சிங்கத்தின் தகப்பன். அன்றைக்கு அப்படித்தான் நின்றார்.

"கோசி, பெரியவங்களே. இதுல பேச என்ன இருக்கு? பொகாடி குடுத்தோமா? இல்ல. அப்ப இவ பொண்டாட்டியா? இல்ல. பொண்டாட்டி இல்லாதவளுக்கு ஏது பங்கு? மனைக் காகிதம் என் தம்பி பேருல. மாட்டுச் சூட்டுக்குறி என் தம்பி பேருல. அவ துணிமணி எல்லாம் குடுத்தாச்சு. முடிஞ்சது."

உட்கார்ந்துவிட்டார். நாற்காலி கிறீச்சிட்டது.

செகமெட்சி எழுந்தாள். கோசிக்குக் குனிந்து வணக்கம் சொன்னாள். சால்வையின் ஊசியைச் சரிசெய்தாள். 

"ஐயா, அண்ணன் சொன்னது சத்தியம். நான் பொண்டாட்டி இல்ல. பொகாடியைத் தள்ளிப் போட்டவரே அவர்தான், அவருக்குத் தெரியாதா?"

எங்கள் பக்கம் ஒரு சலசலப்பு. செகமெட்சி எங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தாள்.

"நான் பொண்டாட்டி பங்கு கேட்க வரல. பலாப்யேல ரெண்டு பேர் சேர்ந்து ஒரு கடை வெக்கறாங்கன்னு வையுங்க. பலகையில ஒருத்தன் பேருதான் இருக்கு. பிரியும்போது அவன் இன்னொருத்தனைப் பார்த்து, 'நீ என்ன என் பொண்டாட்டியா, பொகாடி குடுத்தேனா, போடா வெளிய'ன்னு சொல்ல முடியுமா? அந்த வீட்டுக்கு அறுத்த கல்லுல பாதி நான் அறுத்தது. கிணறு வெட்டும்போது உள்ள அவன், மேல கயிறு நான். மக்வின்யா வித்து வாங்கின கன்னு எத்தனைன்னு அந்த மாடுங்களைக் கேட்டாத் தெரியும். நான் மனைவி இல்லேன்னா கூட்டாளி. கூட்டாளியும் இல்ல, வேலைக்காரிதான்னா, பதினேழு வருஷக் கூலி குடுங்க. மூணுல எதுன்னு இந்த மன்றமே சொல்லட்டும். எது சொன்னாலும் ஒத்துக்கறேன்."

பின்வரிசையிலிருந்து ஒரு கிழவர் எழுந்தார். "இப்படிப் பொகாடி இல்லாமலே பங்கு கிடைக்கும்னா, அப்புறம் எவன் பொகாடி குடுப்பான்? ஊர் வழக்கம் என்ன ஆகறது?"

எங்கள் பக்கத்திலிருந்து யாரோ உட்கார்ந்தபடியே கத்தினாள்: "வழக்கம் அவ்வளவு முக்கியம்னா மாட்டை ஓட்டிட்டு வாங்கய்யா! யாரு வேணாம்னா?"

மன்றம் முழுக்கச் சிரிப்பு. கிழவரும் சிரித்துவிட்டு உட்கார்ந்தார். கோசி கையைத் தூக்கி அடக்கினார். பிறகு மொடிரியை எழுந்து நிற்கச் சொன்னார்.

மொடிரியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சாதாரணமாக அவனிடமிருந்து நான்கு வார்த்தை பிடுங்குவது கடினம். ஆனால் மாட்டைப் பற்றிக் கேட்டால் நிறுத்துவது அதைவிடக் கடினம். மாடு என்று சொன்னால் அவன் கண்ணில் விளக்கு எரியும்.

"மொடிரி, உன் பட்டியில ஒரு செவலைப் பசு இருக்கே, நெத்தியில வெள்ளைப் பொட்டோட. நான்கூட ஒரு தடவை ஊசி போட்டிருக்கேன். அது எப்படி உங்கிட்ட வந்துச்சு?"

"அதுவா, ஐயா!" மொடிரி நிமிர்ந்தான். "அது பிறந்தப்பவே தாய்ப்பசு செத்துப் போச்சு. ஜூன் மாசக் குளிரு. பிழைக்காதுன்னுதான் எல்லாரும் சொன்னாங்க. நாங்க அதை வண்டியில முன்னாடி உட்கார வெச்சு வீட்டுக்குக் கொண்டு வந்தோம். முன்னாடி ரெண்டு பேருக்குத்தான் இடம், அதனால செகா பின்னாடி காத்துல உட்கார்ந்து வந்தா. நாங்க சமையலறையில அடுப்புப் பக்கத்துல படுக்க வெச்சோம். பாட்டில்ல பால் குடுத்தோம். அது செகாவோட பாவாடையைச் சப்பிட்டேதான் தூங்கும்."

ரன்டாவ் இருமினார்.

"சரி. கிணறு?"

"கிணறு நாங்க மூணு மாசம் வெட்டினோம். பதினாலு ஆள் ஆழத்துல பாறை வந்துடுச்சு. நான் விட்டுடலாம்னு சொன்னேன். செகாதான் இன்னும் ஒரு வாரம் பாப்போம்னா. அஞ்சாவது நாள் தண்ணி! நாங்க ரெண்டு பேரும் சேத்துல உட்கார்ந்து..."

ரன்டாவ் இன்னும் பலமாக இருமினார்.

"அண்ணனுக்குத் தண்ணி குடுங்க யாராவது," என்றார் கோசி, முகம் மாறாமல். "நீ சொல்லு. வீடு?"

"முதல்ல நாங்க ரெண்டு அறைதான் கட்டினோம். மழைக்கு முன்னாடி தகரம் போட்டாகணும்னு நாங்க..."

"மொடிரி." கோசி கன்னத்திலிருந்து கையை எடுத்தார். "நானும் எண்ணிட்டே வரேன். வாய்க்கு வாய் 'நாங்க, நாங்க'ங்கறே. யாருப்பா அந்த நாங்க? நீயும் உன் அண்ணனுமா?"

மொடிரி அண்ணனைப் பார்த்தான். அண்ணன் கண்ணாலேயே ஏதோ சொன்னார். பிறகு அவன் பெண்கள் பக்கம் திரும்பி செகமெட்சியைப் பார்த்தான். அன்றைக்குக் கல்யாண வீட்டில் விழுங்கினானே, அதேபோலத் தொண்டை ஏறி இறங்கியது. ஆனால் இந்தத் தடவை சத்தம் வெளியே வந்தது.

"இல்லீங்க. நானும் செகாவும். அண்ணன் ஒரு கல்லுகூடத் தூக்கினதில்ல."

அப்பா! பெண்கள் பக்கத்திலிருந்து கிளம்பிய குலவையில் மன்றத்து மரத்திலிருந்த பறவைகள் பறந்துவிட்டன. மொட்சுமி மாமா முதல் தடவையாகத் தலையை மேலும் கீழும் ஆட்டினார்.

தீர்ப்பு நீளமில்லை. "ஒரே வீட்டுல வாழ்ந்து, ஒண்ணா உழைச்சு, ஒண்ணா சேர்த்தவங்க, கல்யாணம் ஆகலேன்னாலும் கூட்டாளிங்கதான். எழுதி வெக்காத கூட்டும் கூட்டுதான். இது நான் புதுசாக் கண்டுபிடிச்சதில்ல, பட்டணத்து நீதிமன்றத்துலயும் இப்படிச் சொல்லியிருக்காங்க. உழைப்பு ரெண்டு பேரோடது, பங்கும் ரெண்டு பேருக்கு. வீடு, வண்டி, மாடு எல்லாத்தையும் மொடிரி ரெண்டு கூறாப் பிரிக்கணும். மூணு நாள் தரேன். எந்தக் கூறு வேணும்னு செகமெட்சி முதல்ல எடுத்துக்கணும். கிணத்துத் தண்ணி ரெண்டு பேருக்கும் பொது. அப்புறம், அந்தப் பட்டியில வேற யாரோட மாடோ மூணு நிக்குதாமே. அது வழக்குல வரல. அதுக்கு இடம் குடுக்கறதும் குடுக்காததும், பட்டி யாருக்குப் போகுதோ அவங்க இஷ்டம்."

அந்த மூன்று மாடு ரன்டாவுடையது. பல வருடமாகத் தம்பி பட்டியில் சும்மா மேய்ந்தவை.

அன்று மத்தியானம் டிரோ வேலையிலிருந்து சீக்கிரமே வந்தான். நான் கேட்காமலே உட்கார்ந்து பூசணிக்காய் நறுக்க ஆரம்பித்தான். பாதி நறுக்கியபோது, பூசணியைப் பார்த்துக்கொண்டே கேட்டான்: "மனைக் காகிதத்துல உன் பேரையும் சேர்க்கணும்னா எந்த ஆபீசுக்குப் போகணும்?"

"தெரியாது. நாளைக்கே போய்க் கேப்போம்," என்றேன். அந்த வாரம் எங்கள் தெருவில் ஆண்கள் பூசணி நறுக்கின வீடு நான்கு என்று பின்னால் தெரிந்தது.

மூன்றாம் நாள் எல்லாரும் பட்டிக்குப் போனோம். கோசி, மொட்சுமி மாமா, நான், இன்னும் ஏழெட்டுப் பெண்கள். ரன்டாவ் எங்களுக்கு முன்பே வந்து வேலியோரம் நின்றிருந்தார். மூன்று நாளும் தம்பியோடு அங்கேயே இருந்தார் என்று தெரிந்தது. மாடுகள் இரண்டாகப் பிரித்து நிறுத்தப்பட்டிருந்தன.

மொடிரி தரையைப் பார்த்தபடி சொன்னான். "ஒரு கூறு, வீடும் மனையும். கூட இந்த ஆறு மாடு. இன்னொரு கூறு, வண்டியும் பட்டியும். கூட அந்தப் பதினாறு."

அந்த ஆறு மாடுகளையும் நான் ஒருமுறை எண்ணிப் பார்த்தேன். ஒற்றைக் கொம்புக் கிழட்டு எருது ஒன்று. கன்று போட்டு ஐந்து வருடமான மயிலை ஒன்று. நொண்டுகிற காரி ஒன்று. மற்ற மூன்றும் அதே லட்சணம். செவலையும் அதன் இரண்டு மகள்களும் பதினாறில் நின்றன. கணக்கு எல்லாருக்கும் புரிந்தது. பெண்பிள்ளை வீட்டைத்தான் எடுப்பாள், கூரை இல்லாமல் எங்கே போவாள்? வீட்டோடு கிழடுகளைத் தள்ளிவிடலாம். இது மொடிரியின் மூளை இல்லை. வேலியோரம் நின்ற மூளை.

செகமெட்சி அந்த ஆறையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒற்றைக் கொம்பின் காதைத் தடவிக்கொடுத்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள்.

"கோசி, எடுத்துக்கட்டுமா?"

"எடுத்துக்கம்மா."

"வண்டி, பட்டி, பதினாறு."

 முதலில் வாயைத் திறந்தவர் ரன்டாவ்தான். "ஏ! வீடு? வீடு வேணாமா? எங்க படுப்பே?"

"ஒனா வீட்டுச் சோளமூட்டை மேல. மனை குடுக்கற ஆபீசுல என் பேருல எழுதிப் போட்டாச்சு. கிடைச்சதும் கட்டுவேன். கல்லு அறுக்கத் தெரியும், தகரம் போடத் தெரியும். ஒரு வீடு கட்டினவளுக்கு இன்னொண்ணு கட்டத் தெரியாதா?"

"பொம்பளைக்கு எதுக்கு இத்தனை மாடு? வண்டி ஓட்டத் தெரியுமா உனக்கு?"

"தெரியாது. உங்களுக்குப் பொகாடி குடுக்கத் தெரியாத மாதிரி. ஆனா நான் கத்துக்குவேன்." அவள் குரலை இறக்கி, மரியாதையாகவே சொன்னாள்: "அண்ணே, உங்க மூணு மாட்டையும் ஞாயித்துக்கிழமைக்குள்ள ஓட்டிட்டுப் போயிடுங்க. பட்டியில இடம் நெருக்கடியா இருக்கு."

கோசி இருமினார். அது ரன்டாவின் இருமல் போல இல்லை, சிரிப்பை மறைக்கிற இருமல்.

மொடிரி என்ன செய்தான் தெரியுமா? அவனும் சிரித்தான். தன் கையில் கிழட்டு மாடு ஆறு மிஞ்சியதைப் பார்த்துத் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தான். "அண்ணே, இதுதான் நான் உங்க பேச்சைக் கேட்ட கடைசி தடவை," என்று எல்லார் முன்னாலும் சொன்னான். ரன்டாவ் அதற்குப் பிறகு அங்கே நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் அந்த மூன்று மாடுகளையும் எங்கள் தெரு வழியாகத் தானே ஓட்டிக்கொண்டு போனார். ஒன்று என் முட்டைக்கோஸ் பாத்திக்குள் புகுந்தது. நான் கோபப்படவே இல்லை. அதற்கு ஒரு இலை கூடக் கொடுத்தேன்.

வண்டி கற்றுக்கொண்ட கதை தனிக்கதை. முதல் வாரம் டிரோ கற்றுக்கொடுத்தான். இரண்டு தடவை முள்வேலிக்குள் போனார்கள். ஒரு தடவை பள்ளிக்கூடத்துக் கொடிக்கம்பத்துக்கு ஒரு சாண் முன்னால் நின்றார்கள். டிரோ இறங்கி நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டான். மறுநாள் மொடிரி வந்து வேலிக்கு வெளியே நின்றான்.

"கிளட்ச்சை அப்படி மிதிக்காதேன்னு சொல்ல வந்தேன். அந்த வண்டியோட குணம் எனக்குத் தெரியும்."

"உள்ள ஏறு. பக்கத்துல இருந்து சொல்லு. கத்தினே, இறக்கி விட்டுடுவேன்."

அப்படி ஒரு மாதம். தினமும் சாயங்காலம் வண்டி குதித்துக் குதித்துப் போகும். "மெதுவா, மெதுவா! கழுதை குறுக்க வருது!" "வரட்டும், அதுக்குக் கண்ணு இல்லையா?" என்ற சத்தம் தெருமுனைவரை கேட்கும். பதினேழு வருடத்தில் அவர்கள் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. மொடிரி தானே சமைக்கப் பழகினான். முதல் களி சிமெண்டு மாதிரி இருந்ததாம். அதைச் சொல்லிச் சொல்லி இரண்டு பேரும் கண்ணீர் வரச் சிரித்தார்கள்.

ஒருநாள் பாடம் முடிந்து இறங்கும்போது, மொடிரி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். போகலாமா இருக்கலாமா என்று தெரியாமல் ஒரு பாவாடையின் பின்னால் நின்றுகொண்டேன்.

"செகா, நான் அண்ணன் இல்லாமலே வேற பெரியவங்களை உங்க மாமாகிட்ட அனுப்பட்டுமா? பொகாடியோட. முறையா."

அவள் அவனைக் கொஞ்சநேரம் பார்த்தாள். அந்தப் பார்வையில் அன்பு இருந்தது, அதை நான் மறுக்கமாட்டேன்.

"எட்டு மாடு வேணுமே. உங்கிட்ட ஆறுதானே இருக்கு? அதுலயும் ரெண்டு எங்க மாமா வீடு வரைக்கும் நடக்காது."

மொடிரி சிரித்தான். ஆனால் அங்கேயே நின்றான். பதிலுக்குக் காத்திருக்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது. சிரிப்பை நிறுத்தினாள்.

"வேண்டாம், மொடிரி. உன்மேல கோபம் இல்ல. மன்றத்துல நீ நிமிர்ந்து சொன்னியே, அப்பவே போயிடுச்சு. ஆனா எனக்கு இப்ப இருக்கறது பிடிச்சிருக்கு. காலையில எழுந்தா என் மாடு, என் வண்டி, என் பேரு. யாரோட நான்னு யாருக்கும் சொல்ல வேண்டியதில்ல. நீ பக்கத்துலயே இரு. வா, சாப்பிடு, சண்டை போடு. கல்யாணம் மட்டும் வேண்டாம்."

அவன் தலையாட்டினான். வலித்திருக்கும், வலிக்காமல் இருக்குமா? ஆனால் அடுத்த நாள் சாயங்காலமும் வந்தான்.

மூன்றாவது தடவை தேர்வு எழுதியபோது அவளுக்கு லைசென்ஸ் கிடைத்தது. அந்த வாரமே மாட்டுக்குத் தன் பெயரில் சூட்டுக்குறி பதிவு செய்வதற்காகப் பலாப்யே புறப்பட்டாள். "நானும் வரேன், நானும் வரேன்" என்று பெண்கள் ஒன்பது பேர் வண்டியின் பின்னால் ஏறிவிட்டோம். முன்னால் அவள் பக்கத்தில் மொட்சுமி மாமா, இரண்டு கையாலும் கதவைப் பிடித்தபடி. தார்ச்சாலையில் ஏறியதும் நாங்கள் பாட ஆரம்பித்தோம். எதிரே வந்த லாரிக்காரன் என்ன கல்யாணம் என்று கைகாட்டிக் கேட்டான்.

ஆபீசில் ஜன்னலுக்குப் பின்னால் ஒரு இளம்பெண் உட்கார்ந்து விவரம் எழுதினாள். பெயர், ஊர், மாடு எத்தனை. பதினெட்டு என்றாள் செகமெட்சி. அதற்குள் இரண்டு கன்று பிறந்திருந்தன.

"கல்யாணம் ஆயிடுச்சாம்மா?"

"இல்ல."

அந்தப் பெண் பேனாவை நிறுத்தி, பின்னால் ஒன்பது சால்வைகளோடு நின்ற எங்களைப் பார்த்தாள். "அப்ப மாடெல்லாம் உங்க அப்பாவோடதா? அண்ணனோடதா?"

"என்னோடது, கண்ணு," என்றாள் செகமெட்சி. "நான் கூட்டாளியா இருந்து சம்பாதிச்சது."

அந்தப் பெண்ணுக்கு அது சரியாகப் புரிந்ததா என்று தெரியவில்லை. ஆனாலும் சிரித்துக்கொண்டே முத்திரையை ஓங்கிக் குத்தினாள். நாங்கள் குலவை போட்டோம். காவலாளி ஓடிவந்து, ஆபீசுக்குள் சத்தம் கூடாது என்றார். வெளியே போய்ப் போட்டோம்.

திரும்பும் வழியில் சாலையோரக் கடையில் நிறுத்தி எல்லாருக்கும் வறுத்த கோழியும் குளிர்ந்த இஞ்சிப் பானமும் வாங்கிக் கொடுத்தாள். மொட்சுமி மாமா இனி தான் பின்னால்தான் உட்காருவேன் என்று அடம்பிடித்தார். முன்சீட்டுக்காக நாங்கள் ஒன்பது பேரும் அடித்துக்கொண்டோம். கடைசியில் நான்தான் ஏறினேன். சும்மா சொல்லக்கூடாது, அவள் நன்றாகவே ஓட்டினாள். கொஞ்சம் வேகம்தான்.